மணமக்கள் சோபா

மாமல்லபுரத்துப் பக்கம் சோபா கழுவுகிற எவனைக் கேட்டாலும் சோப்பைப் பற்றிப் பேசுவான், பிரஷ்ஷைப் பற்றிப் பேசுவான். ஏசுதாஸ் காற்றைப் பற்றிப் பேசுவான். காலையில் நிலத்துப் பக்கமிருந்து வருகிற காற்று பஞ்சுக்குள் புகுந்து ஈரத்தை விரட்டும். மதியம் கடல் காற்று ஏறிவிட்டால் தீர்ந்தது கதை, கைக்குட்டைகூட நசநசவென்று கிடக்கும்.

இதெல்லாம் பீச் ஓட்டலில் வாளி தூக்கிக் கற்றது. சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குவான், இவன் ஓட வேண்டும். அந்தப் பிழைப்பு போதுமடா சாமி என்று உதறிவிட்டு, பழைய உறிஞ்சு மிஷின் ஒன்றை வாங்கிக்கொண்டு சொந்தமாக இறங்கினான். பெண்டாட்டி சாராள், மச்சினன் ஜான்சன், இவன். அவ்வளவுதான் கம்பெனி. கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக ஒற்றைச் சோபா கழுவிக்கொண்டிருந்தவனுக்குத்தான் அந்தக் கல்யாண மண்டபம் கிடைத்தது.

ஈ.சி.ஆர். அகலமான ஜோரில் எழும்பின ஏ.சி. மண்டபம். வரிசை வரிசையாக மெத்தை நாற்காலி, முன்னால் பெரிய மனிதர்கள் உட்கார சோபாக்கள், மேடையில் சிவப்பு வெல்வெட்டில் மணமக்கள் சோபா. முதலாளி செங்கல்வராயன் தன் மகள் கல்யாணத்துக்காக எல்லாவற்றையும் கழுவச் சொல்லியிருந்தார்.

"இத்த நல்லா முடிச்சுக் குடு ஏசு. மதுராந்தகம் வரைக்கும் எல்லா மண்டபத்துக்கும் நானே சொல்லிவுடறேன்" என்றார் மேனேஜர் சுப்புராமன். நல்ல மனிதர்தான். சொதப்பினால் மறுபடி ஓட்டல் வாளிதான் என்பதை அவர் சொல்லவில்லை. ஏசுதாஸுக்கே தெரியும்.

முதலாளி அன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "எந்த ஊருப்பா?"

"சதுரங்கப்பட்டினங்க ஐயா."

"அதுல எந்தப் பக்கம்?"

"காலனிங்க."

"ம்" என்று காரில் ஏறிப் போய்விட்டார்.

ஏசுதாஸ் மண்டபத்துப் போர்வெல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினான். உப்பு. உப்புத் தண்ணீரில் கழுவின துணி ஜென்மத்துக்கும் காயாது. திருக்கழுக்குன்றம் பக்கமிருந்து நல்ல தண்ணீர் லாரிக்குச் சொன்னான். முதலில் நாற்காலிகள், அப்புறம் முன்வரிசை. மேடைச் சோபா மட்டும் கடைசி. அலங்காரக்காரர்கள் பூவும் துணியும் ஒட்டி முடிக்காமல் அதைத் தொட்டால் பசையும் தூசும் அதன் தலையில்தான் விழும். ஆகவே ரிசப்ஷன் அன்று விடியும்போது கழுவி, நிலக்காற்று நிற்பதற்குள் காயவைத்துவிட வேண்டும்.

காய்ந்ததா என்று பார்க்க அவனிடம் ஒரு வழி இருந்தது. உலர்ந்த வெள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டு முழு பாரமும் இறங்க உட்காருவான். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லி முடிப்பான். எழுந்து வேட்டியைப் பார்ப்பான். ஈரம் ஏறியிருந்தால் அடிப்பஞ்சு இன்னும் காயவில்லை என்று அர்த்தம். ஓட்டலில் வெள்ளைக்காரன் சோபாவில்கூட அப்படித்தான் உட்கார்ந்து பார்த்தான். ஒரு பயல் ஏனென்று கேட்டதில்லை.

சாராளுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "அங்க போயி உக்காந்துகினு இருக்காத. கையால அமுத்திப் பாரு, போதும்."

"கை மேலாக்கத்தான் சொல்லும். அடியில ஈரம் கீதா இல்லியான்னு அதுக்கு இன்னா தெரியும்?"

"அது ஓட்டல் இல்ல. மண்டபம்."

"காலம் மாறிப்போச்சு சாரா" என்று சிரித்தான். மாறிற்றாம்!

வேலை போட்ட கணக்குப்படியே நடந்தது. நாற்காலிகள் புதுசு போல ஆயின. ரிசப்ஷன் அன்று உச்சி வெயிலுக்குள் மேடைச் சோபாவும் காய்ந்துவிட்டது. ஏசுதாஸ் வேட்டியை மாற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்தான். கண்ணை மூடி ஜெபத்தைத் தொடங்கினான். கண்ணைத் திறந்தபோது வாசலில் செங்கல்வராயன் நின்றுகொண்டிருந்தார்.

அவர் அப்படியே திரும்பினார். வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் சுப்புராமன் வந்தார், முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"அந்தப் பெரிய சோபாவ மட்டும் இன்னொரு தபா அலசிடுப்பா."

"காஞ்சிருச்சி சார். சுத்தமா கீது, பாருங்க."

"தெரியும். ஐயா சொல்றாரு."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னு கேட்டா நான் இன்னாத்தச் சொல்றது?"

ஏசுதாஸுக்குப் புரிந்தது. முன்வரிசைச் சோபா ஒவ்வொன்றிலும் அவன் உட்கார்ந்துதான் பார்த்திருந்தான். அதையெல்லாம் ஐயா பார்க்கவில்லை. கண்ணில் படாத தீட்டு தீட்டில்லை போலிருக்கிறது, நல்ல நியாயம்!

"கடல் காத்து வந்துட்ச்சி சார். இப்ப தண்ணி பட்டா சாயங்காலம் பொண்ணு ஈரத்துலதான் உக்காரும்."

சுப்புராமன் போய்ச் சொல்லிப் பார்த்தார். திரும்பி வந்தபோது அவர் பின்னால் முதலாளியும் வந்தார், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேடைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மாமா, மிஷினத் தூக்கு, போலாம்" என்றான் ஜான்சன், பல்லைக் கடித்துக்கொண்டு.

போயிருக்கலாம். போனால் பாதியில் ஓடினவன் என்று பேராகும், மதுராந்தகம் வரைக்கும் உள்ள மண்டபமெல்லாம் போகும். ஏசுதாஸ் வாளியை எடுத்தான். தான் உட்கார்ந்த இடத்தைத் தன் கையாலேயே தேய்த்தான். போதும் என்று அவர் கை காட்டுகிறவரை தண்ணீர் ஊற்றினான். அப்புறம் மிஷினை வைத்து வைத்து உறிஞ்சினான், ஃபேனைத் திருப்பினான், அலங்காரக்காரனிடம் கெஞ்சி லைட்டைக்கூட அதன் பக்கம் சாய்க்கச் சொன்னான். கடல் காற்று ஒன்றையும் பலிக்கவிடவில்லை.

சாயங்காலம் பெண் எழுந்து நின்றபோது சந்தன நிறப் பட்டின் பின்புறம் முழுக்க வெல்வெட் சாயம் சிவப்பாய் ஏறியிருந்தது. வீடியோக்காரன் லைட் அதன் மேலேயே விழுந்தது. பெண் அழுதது. "வேல தெரியாத பசங்கள நம்பினா இப்பிடித்தான்" என்று செங்கல்வராயன் கூட்டத்துக்கெல்லாம் கேட்கிற மாதிரிச் சொன்னார். சுப்புராமன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மண்டபத்துக்கு மண்டபம் சேதி ஓடிற்று. அடுத்த வாரம் மதுராந்தகத்தில் ஒரு மண்டபத்துக்கு ஏசுதாஸ் வேலை கேட்டுப் போனான். மேனேஜர் பிரவின்குமார் சின்ன வயசு, மரியாதையான பிள்ளை.

"உக்காருங்க அண்ணாத்த. அந்தப் பட்டுப்பொடவ நாசமான வேல, நீங்க பண்ணதுதானே? உங்க வேல நல்லா இருக்கும்னுதான் சொன்னாங்க. அப்புறம் இன்னா ஆச்சி?"

கிண்டலில்லை, நிஜமாகவே கேட்டான். சொன்னால் நம்பவும் செய்வான். நான் உட்கார்ந்தேன், அதனால் கழுவச் சொன்னார்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. ஏசுதாஸ் வாயைத் திறந்தான். நான் உட்கார்ந்தால் ஏன் கழுவ வேண்டும் என்று இந்தப் பிள்ளை அடுத்துக் கேட்கும். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். தன் வாயால் சொல்ல வேண்டும்.

"எனக்குத்தான் வேல சரியாத் தெரியல, தம்பி" என்றான், உட்காராமலே.