பதினாலாம் நம்பர் கொய்யா

காலையிலிருந்து அவளுக்கு ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கிறவள். வீடு வீடாகப் போகிற வழியில் பழ மரம் கண்ணில் பட்டால் போதும், போனை எடுத்து மாநகராட்சியின் பழ மர வரைபடத்தில் குறித்துவிடுவாள். இதுவரை இருநூற்றுப் பன்னிரண்டு. யாரோ 'நடைக்காரர்' என்று ஒருவர், முகம் தெரியாத புண்ணியவான், ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து உறுதி சொல்லிவிடுவார்.

இன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே, நடைபாதைக் கொய்யாவில் சிவப்புப் பெயிண்ட் கோடு. சாலையை அகலமாக்க வெட்டப்போகிறார்களாம். வரைபடத்தில் உறுதி செய்யப்பட்ட தெருமரமென்றால் விட்டுவிடுவார்கள். பன்னிரண்டு மணி வரைதான் கெடு. போனைத் திறந்தால் மரம் பதினாலாம் நம்பர் வீட்டுக்குள் நிற்கிறது, உறுதியும் இல்லாமல். அடக் கடவுளே. நாலு மாசத்துக்கு முன்னால் மீட்டர் பெட்டியடியில் நின்றபடியே எட்ட இருந்த மரத்தைப் படமெடுத்துத் தொலைத்திருக்கிறாள். போன் ஆள் நிற்கிற இடத்தைத்தானே பிடிக்கும்!

பதினாலாம் நம்பர் அவள் நாத்தனார் வீடு. "மரம் எண்ணுறேன்னு சொல்லிட்டு ஊர் சுத்துறா" என்று நாலு பேர் முன்னால் நாத்தனார் சொன்னதிலிருந்து இரண்டு வருஷமாகப் பேச்சில்லை. அந்த வாசலில் மட்டும் தலையைக் குனிந்து எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடிவந்துவிடுவாள். அந்த அவசரம்தான் மரத்தின் கழுத்துக்கு வந்திருக்கிறது.

குறியை நடைபாதைக்கு மாற்றினாள். ஆனால் இன்னொருவர் மரத்தடியில் நின்று உறுதி சொன்னால்தான் செல்லும். நடைக்காரருக்குச் செய்தி அனுப்பினாள், பதிலில்லை. மரம் குறிக்கிற குழுவில் ஒருத்தரும் போனை எடுக்கவில்லை. பதினொன்றரைக்கு ரம்பத்தோடு வண்டியே வந்து நின்றுவிட்டது. ரோஷத்தை விழுங்கிக்கொண்டு போய் மணியை அழுத்தினாள்.

நாத்தனார் செருப்போடு வந்துதான் கதவைத் திறந்தாள்.

"அண்ணி, உங்க போன்ல ஒரு ஆப் போடணும். அஞ்சு நிமிஷ வேலை..."

"அது எப்பவோ இருக்கு. உன் செய்தியை இப்பதான் பாத்தேன். நட."

மரத்தடியில் நாத்தனார் போனை நீட்டிப் படமெடுத்து, உறுதி என்பதை அழுத்தினாள். திரையின் மேலே 'நடைக்காரர்' என்று இருந்தது. மணி பதினொன்று ஐம்பது. வண்டிக்காரர் தன் போனைப் பார்த்துவிட்டு ரம்பத்தைத் திரும்ப ஏற்றினார்.

அவள் நாத்தனார் பக்கம் திரும்பினாள். "எல்லாத்துக்கும் உறுதி சொன்னீங்களே, இதுக்கு மட்டும் ஏன் சொல்லல?"

"என் வீட்டுக்குள்ள ஏது மரம்? உறுதியாகலையேன்னு மரத்தைத் தேடியாச்சும் நீ உள்ள வருவேன்னு நாலு மாசமா பாத்துட்டு இருந்தேன்."