வராத குழந்தை

கோடை விடுமுறையில் யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்று பெற்றோர் முந்தின நாளே சொல்ல வேண்டும். இண்டூரில் என் வீட்டில் நான் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தின் விதி அது. யாரும் சொல்வதில்லை. ஒரு பிள்ளை குறைந்தால் வேலை மிச்சம் என்று நானும் கேட்பதில்லை.

அன்று யாழினி வரவில்லை. அவளுக்கும் சேர்த்துப் பருப்புச் சாதம் பிசைந்துவிட்ட எரிச்சலில் மதியம் அவள் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வரலைன்னா சொல்ல மாட்டீங்களா?"

"என்னங்க சொல்றீங்க? உங்க வூட்ல வுடறதுக்குத்தான் அவங்கப்பா காலையிலயே வண்டியில கூட்டிட்டுப் போனாரு!"

உடனே அவள் அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் போனை எடுக்கவே இல்லை. வெகுநேரம் கழித்து அவரே கூப்பிட்டார். "லாரியவுட்டு நேத்துதாங்க எறங்குனேன். பாப்பாவ வுட்டுட்டுப் போக மனசு வரல. ஒகேனக்கல் கூட்டியாந்துட்டேன்."

பின்னால் யாழினி சிரித்தாள். நான் அழுதேன்.

இப்போதெல்லாம் வராத குழந்தையின் வீட்டுக்குத்தான் முதல் போன். அன்று சோறு மீந்துபோகாமல் இருந்திருந்தால், நான் கூப்பிட்டிருக்கவே மாட்டேன்.