கல்லுக் கோயிலில் ஓர் அர்ச்சனை

மாமியின் கைப்பையை ஒதுக்கும்போது அர்ச்சனைத் துண்டு ஒன்று அகப்பட்டது. கனடாவில், எங்கள் ஸ்காபரோக் கோயிலில் எழுதிக் கொடுத்தது. என் கணவரின் உத்தரம், என்னுடைய ரோகிணி, பிள்ளைகளின் பூசமும் சுவாதியும், கடைசியில் விசாகம். விசாகம் கணவரின் தம்பி, மாமியின் இளைய மகன். அர்ச்சனை உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் செய்வது. அவர் காணாமல் போய் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகியும் மாமி அந்தப் பெயரை ஒரு வெள்ளிக்கிழமைகூட விட்டதில்லை.

கனடாவுக்கென்று புறப்பட்டவரை, கள்ளமாக ஆளனுப்பும் ஏஜென்சிக்காரன் மால்டாத் தீவு வரைக்கும் கொண்டுபோயிருந்தான். அங்கிருந்து ஒரேயொரு அழைப்பு. "அம்மா, நாளைக்குப் போட்டிலை ஏத்துறாங்கள், யோசியாதேங்கோ" என்றாராம். அதன்பிறகு பேச்சுமூச்சில்லை. படத்துக்கு மாலை போட மாமி விடவில்லை. திவசம் என்ற சொல்லை எடுத்தாலே எழும்பிப் போய்விடுவார்.

மூன்று வருடங்களுக்கு முன், "அந்தத் தீவை ஒருக்கால் கண்ணாலை பாக்கவேணும்" என்று கேட்டார். போனோம். கடலோரக் குன்றில் ஐயாயிரம் வருடப் பழைய கல்லுக் கோயில்கள். கணவர் உள்ளே வர மனமில்லாமல் ரிக்கற் எடுத்த இடத்திலேயே இருந்துவிட்டார். கோயில் என்று நான் சொன்னதுதான் தாமதம், மாமி சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"மாமி, சப்பாத்தைப் போடுங்கோ, சனம் பாக்குது. இது ஆரின்ரை கோயிலெண்டே ஒருத்தருக்கும் தெரியாதாம்."

"தெரியாட்டி என்ன பிள்ளை? ஆரோ அழுது கும்பிட்ட இடந்தானே."

ஐயர் இல்லை, கற்பூரம் கொளுத்த விடமாட்டார்கள். ஆளைவிட இரண்டு மடங்கு உயரமான கற்களுக்கு நடுவே, கடலைப் பார்த்த வாசலில் நின்று மாமி தானே அர்ச்சனை சொன்னார். உத்தரம், ரோகிணி, பூசம், சுவாதி. அதோடு நிறுத்திவிட்டார். கண்ணை மூடியபடி நெடுநேரம் நின்றார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மறந்துபோனார் என்று நினைத்து எடுத்துக்கொடுத்தேன். "மாமி, விசாகத்தை விட்டிட்டியள்." ஐயோ, என் சனியன் பிடித்த வாய்!

மாமி கண்ணைத் திறந்தார். கோபம் இல்லை, களவாகச் செய்ததில் பிடிபட்டவரின் பதற்றம்தான் முகத்தில் இருந்தது. "ஓம் பிள்ளை, விட்டிட்டன்" என்றார். மகனின் பெயரையும் நட்சத்திரத்தையும் சத்தமாகச் சொன்னார். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு ரிக்கற் எடுத்த இடத்துக்கு நடந்தார்.

திரும்பி வரும்போது விமானத்தில்தான் எனக்கு விளங்கியது. மகனை வழியனுப்ப அந்தத் தாய் ஒரேயொரு தரம் துணிந்திருக்கிறார், நான் மறித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க எத்தனையோ தரம் வாயெடுத்தேன். கேட்டால் அவரின் மகன் செத்துப்போனார் என்று நானே சொன்னதாகிவிடும். அந்தப் பயத்தில் கேட்கவே இல்லை. போன மாசியில் மாமி கண்ணை மூடும்வரை விசாகம் ஒவ்வொரு வெள்ளியும் தொடர்ந்தது.

செத்தவீட்டுத் துடக்குக் கழிந்தபின், அந்தத் துண்டோடு கோயிலுக்குப் போனேன். விசாகத்தை விட்டு எழுதுவித்து, மாமி செய்ய நினைத்ததை நானாவது செய்து முடிப்பதென்று இருந்தேன். அர்ச்சனை எழுதும் அண்ணை நான் கேட்குமுன்னரே பேனையை எடுத்தார்.

"மாமியின்ரை லிஸ்ற் எனக்குப் பாடம், தங்கச்சி. உத்தரம், ரோகிணி, பூசம், சுவாதி..." பேனையைத் தூக்கிப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "இன்னும் ஒண்டு இருக்கல்லோ?"

துண்டு என் கைக்குள் கசங்கிப் போயிருந்தது.

"ஓம் அண்ணை" என்றேன். "விசாகம்."