மூடிகினு வருது சார்!

இரண்டு வருஷத்துக்கு முன், ஒரு தை மாதக் காலை. மேற்கே ஒரு சின்ன ஊரில் விமானம் ஓட்டப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத் தன்னந்தனியாகச் சென்னை வரை ஓட்டிப்போய் இறங்க வேண்டும். சொந்த ஊராச்சே! அம்பத்தூர் பக்கம் மண்ணூர்பேட்டையில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போட்டு, மொட்டை மாடிக்கு வந்து கை காட்டச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன். அம்மா அதைத் தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள்.

இரண்டே சீட் உள்ள குட்டி விமானம் அது. என்னைப் போன்ற கற்றுக்குட்டிகளுக்கு ஒரே சட்டம்தான்: கண்ணால் பார்த்து ஓட்டு, மேகத்துக்குள் நுழையாதே. உள்ளே போனால் எது மேல், எது கீழ் என்று உடம்புக்குத் தெரியாது. விமானம் சாய்வதுகூடப் புரியாமல் தரையில் மோத வேண்டியதுதான்.

கிளம்பும்போது மேகம் அங்கங்கே திட்டுத் திட்டாக இருந்தது. அதற்கு மேலே ஏறிப் பறந்தேன். நல்ல வெயில், நீல வானம். சத்தமாகப் பாட்டுகூடப் பாடினேன், கேட்க ஆள் இல்லாத தைரியம். ஸ்ரீபெரும்புதூர் வந்திருக்கும் என்று குனிந்து பார்த்தால் தரையையே காணோம். திட்டெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே வெள்ளையாகக் கிடந்தது. அப்போதே திரும்பியிருக்க வேண்டும். மாடியில் நிற்பவர்களை நினைத்து, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று போனேன்.

அப்போது இடதுபக்கம் மேகத்தில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் மின்னியது, கரையோரம் நடைபாதை. பருத்திப்பட்டு ஏரி! வீட்டு வாசலுக்கே வந்துவிட்ட மாதிரி இருந்தது. (அது அந்த ஏரிதானா என்று இப்போது சந்தேகம். எங்கள் பக்கம் ஏரிக்கா பஞ்சம்?) யோசிக்காமல் இறங்க ஆரம்பித்தேன். பாதி இறங்குவதற்குள் ஓட்டை சுருங்கத் தொடங்கியது. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர்.

ரேடியோவில் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். அதற்கென்றே உள்ள வார்த்தைகள் எல்லாம் எனக்கு மனப்பாடம். பயத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. "மூடிகினு வருது சார், மூடிகினு வருது!" என்று கத்திவிட்டேன்.

ரேடியோவில் பேசுவது அக்கம்பக்கத்து விமானங்களுக்கும் கேட்கும். எனக்கு மேலே எங்கேயோ போய்க்கொண்டிருந்த வேறொரு விமானத்திலிருந்து நிதானமாக ஒரு ஆண் குரல்.

"இன்னாம்மா, அம்பத்தூரா? எறங்காத. மொதல்ல மேல ஏறு."

பேச்சை வைத்தே என் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார். அந்த 'இன்னாம்மா'வில் போன உயிர் திரும்பி வந்தது. ஏறினேன். மறுபடி வெயில்.

"ஏறிட்டியா? எனக்கு இங்கேர்ந்து நல்லா தெரியுது. மேக்கால ஃபுல்லா கிளியரா கீது. வந்த வழியே போ. பெட்ரோல் கீதுல்ல?"

"கீது சார்."

"அப்புறம் இன்னா பயம்? போய்க்கினே இரு."

விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையும் திரும்பிப் போக உடனே அனுமதி கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் கீழே வயல்கள் தெரிந்தன. அழுதுகொண்டே ஓட்டினேன், கிளம்பிய இடத்திலேயே பத்திரமாக இறங்கினேன்.

அவமானத்தோடு அம்மாவுக்குப் போன் போட்டேன். எல்லாரும் மாடியில் ரொம்ப நேரம் நின்றார்களா என்று கேட்டேன்.

"யாரு நின்னா? ஒரே மேகமா கீது. இதுல எம்பொண்ணு வராது, அதுக்கு அறிவு கீதுன்னு சொல்லி எல்லாரையும் அப்பவே கீழ இட்டாந்துட்டேன். நீ துன்னியா?"



அந்தக் குரல் யாருடையது என்று இன்றுவரை தெரியாது. எங்கிருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும். இப்போது நானும் லைசென்ஸ் வாங்கிவிட்டேன். வானம் சரியில்லை என்றால் வெட்கப்படாமல் திரும்பிவிடுகிறேன். அம்மா நம்பிய அளவுக்கு அறிவு அன்றைக்கு என்னிடம் இல்லை. அவள் சொன்னதை உண்மையாக்கத்தான் ஒவ்வொரு முறையும் பார்த்துப் பறக்கிறேன்.