அப்பா பிடித்த ஸ்கூட்டர்

எங்கள் வீட்டு ஹாலில் அப்பா முறைத்துக்கொண்டிருக்கிறார். அவர் தவறியபோது கையில் அகப்பட்டது ஆபீஸ் அடையாள அட்டைப் படம்தான். அதைப் பெரிதாக்கி மாட்டினோம். கேஸில் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருப்பார். "சிரிக்கிற மாதிரி ஒண்ணுகூடவா இல்ல?" என்று அம்மா பீரோவைக் குடையாத நாள் கிடையாது.

எங்கள் இரும்புலியூர் காலனிக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. பூப்படத்தோடு குட்மார்னிங், தண்ணீர் லாரிச் சண்டை, இவ்வளவுதான் அதன் பிழைப்பு. போன மாதம் யாரோ, பழைய போட்டோ இருந்தால் போடுங்கள் என்று கிளப்பிவிட்டார். மழையில் முழங்காலளவு தண்ணீர், ரயில்வே கேட்டில் நின்ற கூட்டம் என்று வந்து குவிந்தது. பிறகு ஸ்கூட்டர்கள் வந்தன. எதிர்வீட்டு மாமா ஒரு பச்சை ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டு, 'எங்கள் முதல் வண்டி' என்று எழுதியிருந்தார். பின் தெரு டீச்சர் அக்காவும் பச்சை ஸ்கூட்டரில். கூலிங் கிளாஸ் போட்ட இன்னொருவரும் அப்படியே. நம்பர் பிளேட்டைப் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் அப்பாவின் வண்டி!

அந்தக் காலத்தில் வரன் வீட்டுக்குப் போட்டோ அனுப்ப வேண்டுமென்றால் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள். ஸ்டாண்ட் தகராறு என்பதால் அப்பா பின்னால் நின்று வண்டியைப் பிடித்துக்கொள்வார். சொந்த வண்டி என்று காட்ட வேண்டாமா? மகராசர்கள், படத்தில் அப்பாவை மட்டும் கழற்றிவிட்டிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்!

அம்மாவுக்குக் கோபமெல்லாம் இல்லை. "யார்கிட்டயாவது முழுப் படம் இருக்கும், கேளேன்" என்றார்.

'பின்னால் நின்று வண்டியைப் பிடித்திருந்தவர் எங்கள் அப்பா. அவரோடு இருக்கும் படம் வேண்டும்' என்று போட்டேன். மறுநாள் குழுவில் குட்மார்னிங்கூட வரவில்லை.

சாயங்காலம் டீச்சர் அக்கா ஃபிரேமோடு நேரிலேயே வந்துவிட்டார். "வெட்டலை ஆன்ட்டி, பின்னால மடிச்சுத்தான் வெச்சிருந்தோம்" என்று அசடு வழிந்தார். ஃபிரேமைக் கழற்றி, படத்தின் மடிப்பைப் பிரித்தோம். இரண்டு கையாலும் சீட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடி, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார் அப்பா.

அம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்த ஓட்டை பனியனோட வாசலுக்குப் போகாதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டாத்தானே?"

அப்பா போன பிறகு அம்மா அவரைத் திட்டி அன்றுதான் கேட்டேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.