கோலுக்குப் பின்னால் டமாரம்

விசிலக்கா ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். கணவருக்கு வெளியூரில் வேலை கிடைத்திருந்தது. வழியனுப்ப வந்தவர்களைப் பார்த்துப் பேருந்து நிலையமே ஒதுங்கி வழிவிட்டது. ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு ரயில்பெட்டிகள்போல ஐந்து இளைஞர்கள் வந்தார்கள். முன்னால் எஞ்சினாகப் பூட்டுக்கடைக்காரர். ஐவருக்கும் பார்வை கிடையாது. ஐவரும் கால்பந்து ஆடுகிறவர்கள். பூட்டுக்கடைக்காரர்தான் அவர்களுடைய கோச்.

ரயிலின் கடைசிப் பெட்டியாக ஒரு பெண்மணி வந்தாள். ஐவரில் ஒருவனுடைய அக்கா. ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. அங்கே லாரி அளவுக்கு இயந்திரங்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருக்கும். பக்கத்தில் நிற்பவளிடம் ‘மணி என்ன?’ என்று கேட்பதற்கே தொண்டை கிழியக் கத்த வேண்டும். அப்படிக் கத்திக் கத்தி, அமைதியான இடத்திலும் அவளுக்கு மெதுவாகப் பேச வராமல் போய்விட்டது. ரகசியம் சொன்னால் தெருமுனை வரை கேட்கும். டமாரம் என்று பெயர் வைத்தது கூட வேலை பார்க்கும் பெண்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

பேருந்து நகர்ந்தபோதுதான் விசிலக்காவின் தண்ணீர்ப் பாட்டில் பெஞ்சிலேயே கிடப்பதை டமாரம் கவனித்தாள்.

“டிரைவரண்ணே! வண்டிய நிறுத்துங்க!”

அந்தப் பேருந்து நின்றது. அதற்கு முன்னால் போனதும் நின்றது. பின்னால் வந்ததும் நின்றது. பூட்டுக்கடைக்காரர் காதைத் தேய்த்துக்கொண்டே திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் வாரக்கணக்கில் இல்லாத வெளிச்சம்.

“கோல் பின்னாடி நிக்க ஆள் கெடச்சாச்சு!”

“வேணாம் சார்,” என்றான் தம்பி. “வேற யாரையாவது பாருங்க.”

அவளுக்குச் சுருக்கென்றது. மூன்று பேருந்துகளை நிறுத்திய தொண்டை, அதற்கப்புறம் வீடு போய்ச் சேரும் வரை திறக்கவே இல்லை.

அந்த ஆட்டத்தில் பந்துக்குள் மணிகள் இருக்கும். உருளும்போது கிலுகிலுவென்று சத்தம் வரும். பந்தை எடுக்கப் போகிறவன் “வர்றேன்” என்று குரல் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையும் தலையும் மோதிக்கொள்ளும். கோல்காப்பவருக்கு மட்டும் பார்வை உண்டு. எதிரணியின் கோலுக்குப் பின்னால் ஒருவர் நின்று, பந்தோடு வரும் தன் ஆட்டக்காரனுக்கு வலது, இடது, எவ்வளவு தூரம், எப்போது அடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். விசிலக்கா செய்தது அந்த வேலை. பார்க்க வருகிறவர்கள் கோல் விழும் வரை மூச்சுவிடக் கூடாது.

தம்பிக்குப் பார்வை போனது சின்ன வயதிலேயே, ஒரு காய்ச்சலில். அன்று முதல் டமாரத்துக்கு இரண்டு வேலை. ஒன்று ஆஸ்பத்திரியில், இன்னொன்று தம்பிக்கு முன்னால் இருக்கும் நாற்காலி, படி, பள்ளம், நாய் எல்லாவற்றையும் ஒழித்துக்கட்டுவது. இப்போது அவன் குடிநீர் வாரியத்தில் புகார் எண்ணில் உட்கார்ந்து, தண்ணீர் வரவில்லை என்று திட்டுகிறவர்களிடம் பகலெல்லாம் சிரித்துப் பேசிச் சம்பாதிக்கிறான். ஆனாலும் அவன் டம்ளரை மேசை ஓரத்தில் வைத்தால் அவள் கை தானாகப் போய் நடுவில் தள்ளி வைக்கும். அவன் டம்ளரைத் தேடி மேசையைத் துழாவுவான். “அக்கா, வச்ச எடத்துலயே இருக்கட்டும்னு எத்தன தடவ சொல்றது?” என்பான். மறுநாளும் தள்ளுவாள்.

அவளுக்கென்று இருந்த ஒரே ஆடம்பரம் தாளம். சோப்புத்தூள் வரும் பெரிய நீல டிரம்கள் காலியானால் அவளும் இன்னும் மூன்று பெண்களும் அவற்றைக் கவிழ்த்துப் போட்டு வெளுத்துவாங்குவார்கள். சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்த டிரம்களை உருட்டிக்கொண்டு குழந்தைகள் வார்டுக்குப் போவார்கள். ஊசிக்கு அழும் பிள்ளைகள் கட்டிலில் எழுந்து நின்று ஆடும். தலைமை நர்ஸ் முதல்முறை திட்டினார். இரண்டாம்முறை கதவைச் சாத்திவிட்டு உள்ளேயே நின்றார். மூன்றாம்முறை, “ஏன் லேட்டு?” என்று கேட்டார்.

வேறு ஆள் கிடைக்காததால் பூட்டுக்கடைக்காரர் கடைசியில் டமாரத்தைத்தான் கூப்பிட்டார். அடுத்த மாதம் பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். தோற்றால் அந்த வருடத்து ஆட்டம் அத்தோடு முடிந்தது.

முதல் பயிற்சியில் தம்பி பந்தை உருட்டிக்கொண்டு வந்தான். எதிரே ஒருவன் ஓடிவருவதைப் பார்த்ததும் அவள் தன்னை மறந்தாள்.

“பாத்துடா! பாத்து, பாத்து!”

மைதானமே சிரிப்பில் உருண்டது. “அக்கா, பாக்க முடிஞ்சா உங்கள எதுக்குக் கூப்பிட்டோம்?” என்று வேறொருவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். தம்பி மட்டும் சிரிக்கவில்லை. பந்தை விட்டுவிட்டு நின்றிருந்தான்.

வீட்டுக்கு நடக்கும்போது சொன்னான். “அக்கா, விசிலக்கா கத்துனா ஓடணும்னு தோணும். நீ கத்துனா நிக்கணும்னு தோணுது. அதனாலதான் வேணாம்னேன்.”

“அடிபட்டா யாருடா பாக்குறது?”

“நானே பாத்துக்கிறேன். எனக்கு ஒலகத்துலயே இஷ்டத்துக்கு ஓடுற எடம் அது ஒண்ணுதான். அங்கயும் நீ வந்து நாற்காலிய நகத்துறியே.”

கொஞ்சதூரம் போனபின், “இந்த ஒரு மேட்ச் நிக்கிறேன். சரியில்லன்னா நானே விலகிடறேன்,” என்றாள். அன்றைக்கென்று அவள் குரல் அவ்வளவு மெதுவாக வந்ததால் அவன், “என்னது?” என்று கேட்டான். மறுபடி சொன்னாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் துணி காயப்போடும் முற்றத்தில், கண்ணைத் தலையணை உறையால் கட்டிக்கொண்டு, தோழிகளிடம் வழி சொல்லச் சொன்னாள். ஈரப் போர்வைகளுக்கு நடுவே நடந்தாள்.

“பயப்படாத, பயப்படாத!” என்றாள் ஒருத்தி. அதுவரை இல்லாத பயம் அப்போதுதான் வந்தது.

“ஐயோ!” என்றாள் இன்னொருத்தி.

“என்ன ஐயோ?”

“ஒண்ணுமில்ல. முட்டிக்குவியோன்னு நெனச்சேன்.”

இஸ்திரி போடுகிறவள் மட்டும் வேலையைவிட்டு நிமிராமலே, “வலது. ரெண்டடி. குனி,” என்றாள். டமாரம் வலதுபக்கம் திரும்பி, இரண்டடி வைத்து, குனிந்து, ஒரு கொடிக்கயிற்றுக்கு அடியில் ராணிபோல வெளியே வந்தாள். கண்கட்டை அவிழ்த்தவள் சிரித்தாள். தம்பியிடம் இவ்வளவு வருடமாக எத்தனை ‘ஐயோ’ சொல்லியிருப்பாள்! அன்று முதல் முற்றத்தில் தினமும் பழக்கம் நடந்தது. ‘வலது’, ‘இடது’, ‘அடி’ என்று மூன்று நான்கு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் விழுங்கக் கற்றுக்கொண்டாள். விழுங்குவதுதான் கஷ்டம். இருமல்போல நெஞ்சுவரை வந்து நிற்கும்.

ஆட்டத்தன்று துவைக்கும் பிரிவே திரண்டு வந்தது, மூன்று நீல டிரம்களோடு. நடுவர் டிரம்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தார். பெண்கள் தங்கள் கைகளைத் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். நம்பி விட முடியாத கைகள்.

பக்கத்து ஊர் கோல்காப்பவன் நெட்டையாக, ஒல்லியாக, ஒட்டடைக்குச்சிபோல இருந்தான்; அவன் அணியே அவனை அப்படித்தான் கூப்பிட்டது. டமாரம் அவன் முதுகுக்கு நேர்ப்பின்னால் நின்றாள். அவள் முதல் ‘வலது’ சொன்னதும் அவன் துள்ளிவிழுந்தான்.

“அக்கா! என் காது!”

“மன்னிச்சிடுப்பா. எனக்கு இதவிடக் கம்மியா வராது.”

“பரவால்ல. ஆனா இடைவேளையில எங்க டாக்டர்கிட்ட பஞ்சு வாங்கிக்கிறேன்.”

வாங்கவும் செய்தான். இரண்டாம் பாதியில் இரு அணிகளும் பக்கம் மாறின. அவளும் மாறிப்போய் மறுபடி அவன் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள். அவன் காதிரண்டிலும் வெள்ளைப் பஞ்சு பூத்திருந்தது.

கோல் எதுவும் விழாத நிலையில் தம்பியின் அணிக்கு ஒரு பெனால்டி கிடைத்தது. அடிக்கப் போவது தம்பி. பெனால்டி என்றால், பின்னால் நிற்பவர் ஒரு ஸ்பேனரால் இரண்டு கம்பங்களையும் தட்டிக் காட்ட வேண்டும். கோல் எங்கிருந்து எங்கே வரை என்று காது அளந்துகொள்ளும். டமாரம் இடது கம்பத்தைத் தட்டினாள், டங் டங். வலது கம்பத்துக்குப் போனாள், டங் டங். வேலை அவ்வளவுதான். ஆனால் டங் டங், டங் டங் என்று வந்த ஒரு தாளத்தை முடிக்காமல் விட அந்தக் கைக்குத் தெரியாது. கை தானாக மேலே எழும்பி, மேல்கம்பியில் ஒரு தொம் போட்டு முத்தாய்ப்பு வைத்தது.

தம்பி கடைசியாகக் கேட்ட சத்தத்தைத் தேடி அடித்தான். பந்து மேல்கம்பிக்கும் மேலே பறந்து, கிலுகிலுவென்று ஆஸ்பத்திரிப் பெண்களின் மடியில் போய் விழுந்தது.

அந்த அமைதியில் அவளுக்கு மண்ணுக்குள் போய்விடலாம்போல் இருந்தது. ஓரத்திலிருந்து பூட்டுக்கடைக்காரர் இரண்டு கைகளையும் தலையில் வைத்தார். ஒட்டடைக்குச்சி திரும்பி, “அருமையான தாளம்க்கா. எங்க டீம் சார்பா நன்றி,” என்றான். தம்பி அவளிருந்த திசைக்கு முகத்தைத் திருப்பினான். திட்டப்போகிறான் என்று நினைத்தாள்.

“அக்கா, கச்சேரி முடிஞ்சுதா? அடுத்த பந்துக்கு வா!”

‘வா’ என்றுதான் சொன்னான், ‘போ’ என்று இல்லை. அவள் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு வலைக்கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

ஆட்டம் முடியும் தறுவாயில் தம்பிக்குப் பந்து கிடைத்தது. இரண்டு கால்களுக்கு இடையே பந்தைத் தட்டித் தட்டி, கிலுகிலுவைக் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தான். இடதுபக்கமிருந்து ஒருவன், ஆள் வாட்டசாட்டமாக, “வர்றேன்! வர்றேன்!” என்று பாய்ந்தான். மோதல் உறுதி. எங்கே மோதும் என்றுகூட அவளுக்குத் தெரிந்தது. ‘பாத்து’ நெஞ்சிலிருந்து தொண்டைக்கு ஏறியது. அந்த ஒரு சொல் போதும், தம்பி நின்றுவிடுவான். அடிபட மாட்டான். கோலும் இருக்காது.

டமாரம் அதை விழுங்கினாள்.

“வலது! இன்னும்! அடி!”

அவன் அடித்தான். அதே நொடியில் தோள் வந்து மோதியது. இருவரும் புழுதியில் உருண்டார்கள். ஒட்டடைக்குச்சி முழுநீளத்துக்கும் பாய்ந்தான், விரல்நுனி அளவு குறைந்துபோனது. பந்து அவளுக்கு முன்னால் வலைக்குள் வந்து, மணிகளைக் குலுக்கிக்கொண்டு நின்றது.

அவளுக்குக் குரலே வரவில்லை. மூன்று பேருந்தை நிறுத்தியவளுக்கு!

“அக்கா?” தம்பி தரையில் கிடந்தபடியே கேட்டான். மூக்கில் ரத்தம். “கோலா?”

அவள் சொல்லத் தேவையிருக்கவில்லை. தொடைக்கடியிலிருந்து விடுதலையான ஆறு கைகள் நீல டிரம்களின்மேல் இறங்கின. நடுவரே நடையில் தாளம் போட்டுக்கொண்டுதான் நடுக்கோட்டுக்குப் போனார். டமாரம் ஓடிப்போய் மூக்கைத் துடைக்கக் குனிந்தாள். பாதியில் நிறுத்தி, கைக்குட்டையை அவன் கையில் கொடுத்தாள். அவன் தானே துடைத்துக்கொண்டு, மோதியவனையும் கைகொடுத்துத் தூக்கிவிட்டான். மோதியவன், “நல்ல அடி மச்சான்,” என்றான், நெற்றியில் வீங்கிய புடைப்பைத் தடவிக்கொண்டே.

அந்த ஒரு கோலில் ஜெயித்தார்கள். அடுத்த சுற்றில் படுதோல்வி. அதற்கும் டிரம்கள் அதிர்ந்தன.

அதன்பின் டமாரம் விலகுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஞாயிறு காலையில் மைதானம், சனி மதியம் குழந்தைகள் வார்டு, மற்ற நாளெல்லாம் உருளும் இயந்திரங்கள் என்று ஓடியது. வாரத்தில் எந்த நாள் பிடிக்கும் என்று கேட்டால் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு, “எதத்தான் விடுறது?” என்பாள்.

அடுத்த வருடம், மழை விட்ட ஒரு மத்தியானத்தில், போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு குரல்செய்தி வந்தது. இயந்திரச் சத்தத்தில் கேட்காமல் முற்றத்துக்குப் போய்ப் போட்டாள்.

“அக்கா, நான்தான் ஒட்டடைக்குச்சி, பக்கத்து ஊர் கோல்கீப்பர். எங்க டீமுக்குக் கோல் பின்னாடி நின்னு வழி சொல்றவங்க பிரசவத்துக்குப் போயிட்டாங்க. பொண்ணு பொறந்திருக்கு, சுகம். நாங்கதான் இப்ப அனாதை. அவங்க வர்ற வரைக்கும் எங்களுக்காக நீங்க வந்து நின்னு கத்துவீங்களா? உங்க கோச்கிட்ட கேட்டேன், சரின்னுட்டாரு. ஒரே ஒரு சிக்கல். மொத மேட்ச் உங்க டீம்கூடத்தான். அன்னிக்கு உங்க தம்பிய ஏமாத்தி எங்க பசங்க கோல் போட நீங்கதான் வழி சொல்லணும். அவன்கிட்டயும் கேட்டேன். அவன் சொன்னத அப்படியே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. ‘அக்காவ நல்லா கத்தச் சொல்லுங்க, ஆனா நான் கீழ விழுந்தா உங்க ஆளுங்க யாராவது அவளக் கெட்டியாப் புடிச்சுக்கணும்’னான்.”