பாதிக் கோப்பை சூப்

எழுபதுகளின் தொடக்கத்தில், தாம்பரத்தில் ஓட்டல் தொழில் படித்தவர்களுக்குப் பரிமாறும் தேர்வு நடத்தினேன். விருந்தாளியாக உட்கார்ந்தவர் எங்கள் ஆபீஸ் கிளார்க். அவருக்குக் கை நடுங்கும்.

மேரி என்ற மாணவி சூப்பை விதிப்படி குழித்தட்டில் தராமல், கைப்பிடிக் கோப்பையில் பாதி மட்டும் ஊற்றி வைத்தாள். பெயிலாக்கினேன்.

“சார், பாஸானாத்தான் ஓட்டல்ல வேலை குடுப்பாங்க. கிளார்க் சாருக்குக் கை நடுங்குதே, பாக்கலையா?”

“ரூல்ல அவர் கை வரலையேம்மா.”

கிளார்க் குறுக்கிட்டார். “சட்டையில சிந்தாம இன்னைக்குத்தான் சார் குடிச்சேன். பாஸ் போட்டுடுங்க.”

மதிப்பெண்ணைத் திருத்த விதியில் இடமிருந்தது. என் வீம்பில் இல்லை. வேலை வேறொருத்திக்குப் போனது.

ஆறு மாதம் கழித்து மறுதேர்வு. அதே கிளார்க்குக்கு மேரி குழித்தட்டு நிறைய சூப் வைத்தாள். அவர் சட்டை நனைந்தது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

முழு மதிப்பெண் போட்டேன். அவளுக்கு நான் கற்றுக்கொடுத்தது அவ்வளவுதான்.